கழுத்தைக் கேட்டு முகத்துக்குப் பூசுங்கள்

சென்ற ஆவணியில் என் தங்கை மகளின் திருமணம் கண்டியில் நடந்தது. முகூர்த்தம் காலை ஏழரை மணி. மணப்பெண்ணை அதிகாலை மூன்று மணிக்கே அழகு நிலையத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். நகரின் நடுவே ஒரு மாடிக் கட்டடத்தில், சன்னலற்ற ஓர் அறையில், ரியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று மணித்தியாலம் அலங்காரம் நடந்ததாகப் பின்னர் அறிந்தேன். பெண் வந்து மணவறையில் அமர்ந்தாள். என் பக்கத்தில் இருந்த என் தாயார் என் கையைப் பிடித்து, "ஏண்டா, நம்ம புள்ள எங்கடா?" என்று கேட்டார். தாயாருக்கு எண்பத்தாறு வயது. ஆனால் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்த பிறகு பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மாச்சிக்குத் தன் பேத்தியை அடையாளம் தெரியவில்லை. அதை முதுமையின் தடுமாற்றம் என்று நான் கொள்ளவில்லை. எனக்கும் அவளைத் தெரியவில்லை என்பதே உண்மை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் குடும்பத்திலேயே வெளுத்த மேனியுடையவள் அவள்தான். பிறந்த நாளிலிருந்தே "எலுமிச்சம்பழ நிறம்" என்று உறவினர் சொல்லிச் சொல்லிப் பூரித்த பெண். அந்த வெளுப்பும் போதாதென்று, அதற்கு மேல் இரண்டு படி வெளுப்பாக, அதுவும் இளஞ்சிவப்பு கலந்த வெளுப்பாகப் பூசியிருந்தார்கள். கழுத்து மஞ்சள் சாயலில் இருந்தது. முகம் சுண்ணாம்பில் ரோஜாப்பூவைக் கரைத்தாற்போல் இருந்தது. இரண்டும் சந்திக்கும் தாடையோரத்தில், தேசப்படத்தில் மாவட்ட எல்லையைக் கீறியது போல ஒரு கோடு. அல்பத்திலோ நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு படத்திலும் முகம் மட்டும் தனியே வெளிச்சத்தில் மிதக்கிறது.

ஒப்பனை பற்றி எழுத இந்தக் கிழவனுக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது. 1980களில் ஒரு வாரப் பத்திரிகையின் மாதர் பகுதி சில காலம் என் பொறுப்பில் இருந்தது. அப்பகுதியைக் கவனித்து வந்த அம்மையார் விலகிச் சென்றதும், வேறு ஆள் கிடைக்காமல் உதவி ஆசிரியனாகிய என் தலையில் அதைக் கட்டினார்கள். வெளிநாட்டு ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு அழகுக் குறிப்புகளை மொழிபெயர்ப்பேன். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் கன்றிச் சிவந்துவிடும் ஐரோப்பியத் தோலுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் அவை. அந்தத் தோலை நான் "சிவந்த மேனி" என்று தமிழாக்கினேன். தமிழில் அச்சொல் ஒரு தோல் வகையின் பெயராக நிற்கவில்லை, எல்லோரும் அடைய வேண்டிய பேறாக நின்றது. மணமக்கள் தேவை விளம்பரங்களிலும் அதே சொல்தான் நின்றது.

அக்காலத்தில் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மடல் வந்தது. கொழுந்து எடுக்கும் பெண் ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். "நீங்கள் எழுதும் சிவந்த மேனிக்கான பூச்சு எந்தக் கடையில் கிடைக்கும்? அதைப் பூசினால் நானும் அப்படி ஆவேனா?" என்பதே கேள்வி. நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடன் இன்னும் என் கணக்கில் இருக்கிறது.

திருமணத்துக்குப் பிறகு மருமகள் தன் ஒப்பனைப் பெட்டியை என் முன்னே திறந்து வைத்து விளக்கினாள். கனிமப் பவுண்டேஷன் எனப்படும் பொடி வகையைத்தான் அவள் வீட்டில் பாவிக்கிறாள். 1970களில் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவிய வகை இது. எண்ணெயும் நீரும் இல்லாத உலர்ந்த தூள். டப்பியின் பின்புறத்தைப் படித்தேன். பெரும்பாலும் மைக்கா, டைட்டானியம் டையொக்சைட்டு, நாக ஒக்சைட்டு, இரும்பு ஒக்சைட்டுகள். இவ்வளவுதான் சங்கதி.

மைக்கா என்பது நம் ஊரார் காக்காப்பொன் என்று சொல்லும் பொருள்தான். தலாத்துஓயாப் பக்கத்திலும் மாத்தளையிலும் பாறை இடுக்குகளில் மின்னுவது. டைட்டானியம் டையொக்சைட்டு வெண்மை நிறமி. அதற்கான மூலக் கனிமங்களாகிய இல்மனைட்டும் ரூட்டைலும் நம் புல்மோட்டைக் கடற்கரையில் குவிந்து கிடக்கின்றன. கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது 1957இல். அன்றிலிருந்து மணலாகவே கப்பலேற்றுகிறோம். பிறநாட்டு ஆலைகள் அத்தகைய மணலிலிருந்து பிரித்தெடுக்கும் வெண்தூள் டப்பிகளில் அடைபட்டு, பன்மடங்கு விலையில் நம் கடைத்தட்டுகளுக்கு வந்து சேருகிறது.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. வெண்மைக்கு டைட்டானியம். மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்றுக்கும் இரும்பு ஒக்சைட்டுகள். இந்த நான்கு பொடிகளின் அளவை மாற்றி மாற்றிக் கலந்தே உலகிலுள்ள எல்லா மனிதர்களின் மேனி நிறத்தையும் உண்டாக்கிவிடுகிறார்கள். நோர்வேக்காரிக்கும் நைஜீரியக்காரிக்கும் நம் ஹந்தானைத் தோட்டத்துப் பெண்ணுக்கும் பொடி ஒன்றே. விகிதம் மட்டுமே வேறு. மேனி நிறத்தை வைத்துப் பெருமை பேசுவோர் அந்த டப்பியின் பின்புறத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

பொருத்தம் பார்க்கும் வகைக்கு வருவோம். கட்டுகஸ்தோட்டையில் சிறியதொரு அழகு நிலையம் நடத்தும் பெண்மணி ஒருவர் எனக்கு இதைக் கற்பித்தார். மேனி நிறத்தில் இரண்டு விடயங்கள் உள்ளன என்றார். ஒன்று அழுத்தம், அதாவது எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பது. மற்றது அடிநிறம். தோலின் அடியிலிருந்து தெரியும் மஞ்சள், இளஞ்சிவப்பு அல்லது இரண்டுக்கும் நடுவிலான சாயல். வெளுத்த மேனி எல்லாம் ஒன்று போலத் தோன்றினாலும் அடிநிறத்தில் பெரிய வேற்றுமை உண்டு. ஐரோப்பிய வெளுப்பில் இளஞ்சிவப்புச் சாயல் பரவலாகக் காணப்படும். நம்மவரின் வெளுப்பு பெரும்பாலும் மஞ்சள் சாயலுடையது. சிலரிடம் மெல்லிய பச்சை ஓட்டமும் உண்டு. ஆகவே வெளுத்த நிறத்தவருக்கு என்று எழுதிய முதல் டப்பியை எடுத்து நம் வெளுத்த பெண்ணுக்குப் பூசினால், என் மருமகளுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

அவர் செய்யும் சோதனை எளிது. அருகருகான மூன்று நிறங்களை எடுத்துத் தாடையோரத்தில், கழுத்தை நோக்கி, மூன்று கோடுகளாக இடுகிறார். புறங்கையில் பூசிப் பார்ப்பது வீண் வேலை. கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. பின்பு வாடிக்கையாளரை எழுப்பிக் கடை வாசலுக்கு அழைத்து வருகிறார். கையில் கண்ணாடியைக் கொடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறார். கால் மணி நேரம் காத்திருக்கவும் வைக்கிறார். தோலின் எண்ணெயோடு சேர்ந்ததும் பொடி சற்றுக் கருமையடையும் என்பதால், பூசிய கணத்தில் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது. "எந்தக் கோடு காணாமல் போகுதோ, அதுதாங்க உங்க நிறம்" என்றார் அவர். நாற்பது ஆண்டுகளாகத் தலைப்பு எழுதிப் பிழைத்த எனக்கு இப்படியொரு வாக்கியம் அமைந்ததில்லை.

முகத்தின் நிறமும் கழுத்தின் நிறமும் வேறுபட்டிருந்தால் கழுத்தைப் பின்பற்றுங்கள் என்பது அவருடைய விதி. வெயில்படும் முகம் நம் பெண்கள் பலருக்குக் கழுத்தைவிடக் கருத்திருக்கும். சிலருக்கு இது தலைகீழ். முகத்தைத் தனியே எடுத்துக்கொண்டு பொருத்தம் பார்த்தால், சேலைக்கு மேலே தெரியும் தோள், கழுத்து, காது எல்லாம் அந்நியமாகிவிடும். வெளுத்த மேனியுடையோருக்கு அவர் சொல்லும் எச்சரிக்கை இது: ஐயம் ஏற்பட்டால் வெளுப்பான டப்பியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மஞ்சள் சாயலுள்ளதை எடுங்கள். தேவைக்கு மேற்பட்ட வெண்ணிறமி முகத்தில் சாம்பல் பூத்தது போல நிற்கும்.

பூசும் முறையும் அவரிடம் பார்த்தேன். முகத்தைக் கழுவி, ஈரப்பதம் தரும் கிறீமைப் பூசி, வெயில் தடுப்புக் கிறீமையும் இட்டு, இரண்டும் ஊறும்வரை பொறுக்க வேண்டும். ஈரம் காயாமல் பொடியைத் தொட்டால் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். டப்பியின் மூடியில் ஒரு சிட்டிகை பொடியைக் கொட்டி, அடர்த்தியான மயிருள்ள தூரிகையை அதில் சுழற்றி, மூடி விளிம்பில் தட்டி உதிர்த்துவிட்டு, மூக்கோரத்திலிருந்து காதை நோக்கிச் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் நல்லவை. தழும்பு, மங்கு உள்ள இடத்தில் மட்டும் சிறிய தூரிகையால் மேலும் ஒரு முறை தொட்டுவிட்டால் போதும். வெளுத்த, உலர்ந்த தோலில் பொடி பூனைமயிரிலும் செதிலிலும் தங்கி எடுத்துக்காட்டும். நுவரெலியாப் பக்கத்துக் குளிர்காற்றில் வாழ்வோர் இதைக் கவனிக்க வேண்டும். கண்டியின் புழுக்கத்திலோ வியர்வையை முதலில் ஒற்றியெடுத்துவிட்டுத்தான் பொடியைத் தொட வேண்டும். தூள் பறக்கும்போது மூச்சை அடக்குவதும், ஒருவரின் தூரிகையைக் கழுவாமல் மற்றவருக்குப் பாவிக்காமலிருப்பதும் அவருடைய ஒழுக்கங்கள்.

டப்பியில் வெயில் தடுப்பு எண் போட்டிருப்பதை நம்பி வெயில் தடுப்புக் கிறீமைக் கைவிடக்கூடாது. அந்த எண்ணைச் சோதிக்கும்போது, ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் என்ற கணக்கில் பூசுவார்கள். முகத்தில் யாரும் அவ்வளவு பொடியை அப்புவதில்லை. எனினும் இப்பொடிக்கு ஒரு நற்குணம் உண்டு. மங்கைக் கூட்டும் கட்புல ஒளியை, சாதாரண வெயில் தடுப்புக் கிறீம்களைவிட இரும்பு ஒக்சைட்டு நன்கு தடுக்கிறது. ஆனால் 'கனிமம்' என்று எழுதியிருந்தால் மட்டும் ஒரு பொருள் தூயதாகிவிடாது. பளபளப்புக்காகச் சேர்க்கும் பிஸ்மத் ஒக்ஸிகுளோரைட்டு சிலருக்கு அரிப்பைத் தரும்.

அல்பத்தில் முகம் மிதந்த மர்மமும் இங்கேதான் விடுபட்டது. வெண்ணிறமியும் சிலிக்காவும் நிறைந்த பொடி, கமராவின் பளிச்சிடும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியில் பார்க்கும்போது குற்றமில்லாத முகம் படத்தில் வெள்ளை முகமூடியாகிவிடுகிறது. அலங்காரம் முடிந்ததும் கைத்தொலைபேசியில் பிளாஷுடன் ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தால் எங்கள் அல்பம் தப்பியிருக்கும்.

இவ்வளவு எளிய கலையை அந்தப் பெரிய அழகு நிலையம் அறியாதா? அறியும். தங்கை மூலம் விசாரித்தபோது அவர்கள் தந்த பதில் ஒளிவுமறைவற்றது. "பெண்ணை அவள் நிறத்திலேயே அனுப்பினால் தாய்மார் காசு கொடுக்க மாட்டார்கள். இவ்வளவு வாங்கிக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள்" என்றார்களாம். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தியில் அமர்ந்து "பொண்ணு நல்ல வெள்ளை" என்று சொன்ன வாய்கள் நம்முடையவை. "வெள்ளை நிறமுடைய மணமகள் தேவை" என்று காசு கட்டி அச்சிட்ட கைகள் நம்முடையவை. அதைப் பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

பூச்சோடு நின்றால் கழுவிக்கொள்ளலாம். நிற்பதில்லை. இந்த ஆண்டு நகரத்துத் துணிக்கடையொன்றில் எனக்குச் சட்டை எடுத்துக் காட்டிய தோட்டத்துப் பிள்ளையின் கன்னங்கள் கன்றி, தோல் உரிந்து, கண்ணடியில் கருந்திட்டுகள் படர்ந்திருந்தன. கேட்டதற்கு, தெரிந்தவர் ஒருவர் தந்த வெளுக்கும் கிறீம் என்றாள். டப்பியில் தயாரித்தவர் பெயரில்லை, முகவரியில்லை. முதல் மாதம் நன்றாக வெளுத்ததாம். அந்த டப்பியில் என்ன இருந்தது என்பதை நான் சோதிக்கவில்லை. ஆனால் இத்தகைய கிறீம்களில் எவை இருக்கக்கூடும் என்பது உலகறிந்த செய்தி. பாதரச உப்பு, கடுமையான ஸ்டீரொய்ட், ஹைட்ரோகுயினோன். பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் வெளுக்கும். தோலின் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றும், மனப்பதற்றத்தையும் சோர்வையும் தரும் என்றும் உலக சுகாதார அமைப்பு எச்சரித்திருக்கிறது. அதன் ஆவி வீட்டிலுள்ள குழந்தைகளையும் விடாது.

இலங்கையும் ஒரு தரப்பாக உள்ள மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்தும்படி அது கூறியது. 2023இல் கூடிய மாநாடு அந்த விதிவிலக்கையும் நீக்கி, பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனமும் 2025க்குப் பின் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டிலோ 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனங்களையும் மருந்துகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. 2015இல் அதன் இடத்துக்கு வந்த சட்டம் மருந்துகளை மையமாகக் கொண்டது. கூரை மாறியதில் அழகுசாதனங்கள் வாசலில் நின்றுவிட்டன. தீர்மானம் ஜெனீவாவில், டப்பி கண்டிச் சந்தையில். நடுவே அந்தப் பிள்ளையின் கன்னம்.

ஒரு தற்செயல் ஒற்றுமையைக் குறிப்பிட வேண்டும். 1975இல் இந்தியாவில் 'பெயார் அன்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் தொமஸ் பிட்ஸ்பாட்ரிக், வெயிலுக்குத் தோல் காட்டும் இயல்பை வைத்து ஓர் அளவுகோலை வகுத்தார். முதலில் அதில் வெள்ளைத் தோல் வகைகளே இருந்தன. மாநிறமும் கறுப்பும் பின்னரே சேர்ந்தன. 2017இல் பாடகி ரிஹானாவின் நிறுவனம் ஒரே நாளில் 40 நிறங்களில் பவுண்டேஷனை வெளியிட்டபோதுதான் பெரிய நிறுவனங்களுக்கு வெட்கம் வந்தது. 2020இல் அந்த இந்தியக் கிறீமின் பெயரில் இருந்த 'பெயார்' நீங்கி 'குளோ' ஆனது. ஏட்டில் பெயர் மாறிவிட்டது. பந்தியில் பேச்சு மாறவில்லை.

தமிழுக்கு இது பழைய நோயும் அல்ல. சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனியழகுக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் நிறம் அதற்கு உவமை. தலைவன் பிரிந்தால் அந்த நிறம் கெட்டு மேனி வெளிறிப் பசலை படரும். பசலை துன்பத்தின் அடையாளம். வள்ளுவர் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே வைத்து, அதைப் பெண்ணின் புலம்பலாகப் பாடினார். நம் முன்னோர் நோயென்று கண்ட வெளிறலை நாம் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து, காசும் கொடுத்து வாங்குகிறோம்.

ஒப்பனையே கூடாது என்பது என் கட்சியன்று. தழும்பை மறைப்பதும் களைப்பை மறைப்பதும் ஒருவரின் உரிமை. வெளுத்த பெண் வெளுத்த நிறத்துக்குரிய பொடியைத் தேடுவதிலும் பிழையில்லை. அவளுக்கும் பொருத்தமானது கிடைக்க வேண்டும். நான் கேட்பதெல்லாம் சிறிய விடயங்கள். அழகு நிலையங்கள் ஒரு சன்னலைத் திறந்து வைக்கட்டும். திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பே பகலில் பொருத்தம் பார்க்கட்டும். பெயரில்லாத டப்பியை யார் தந்தாலும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு அறிவியுங்கள். பத்திரிகைகள் மணமக்கள் விளம்பரத்திலிருந்து நிறத்தை எடுத்துவிடட்டும். வருமானம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்ப்போருக்கு, அந்த மேசையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குறையாது.

இனி, தெல்தோட்டை மடலுக்கான பதில். தங்கையே, தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். நான் எழுதிய பூச்சு உங்களுக்கானது அன்று. அதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் நிறத்துக்கும் அதே நான்கு பொடிகளில் ஒரு விகிதம் உண்டு. அன்று கடைகளில் அது இல்லை என்றால் குறை கடையினுடையது. பேத்திக்கு வாங்குவதாயிருந்தால் அவளைக் கடை வாசலுக்கு அழைத்து வந்து, தாடையோரத்தில் பூசி, நீங்களே பாருங்கள். உங்களுக்கு அவளை அடையாளம் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒரு பரீட்சையும் வேண்டாம்.